கட்டி சுருங்கிடுச்சு, வலி போகலை: ரலாக்சிஃபீன் கேஸும் எலிங்ககிட்ட கேக்காம விட்ட கேள்வியும்

என் பெரியம்மா பொண்ணு சிங்கப்பூர்ல, ஈசூன்ல இருக்கா, என்னைவிட ஏழு வயசு மூத்தவ. பீரியட்ஸ்னா மூணு நாள் படுக்கை, எம்சி, அதாவது மெடிக்கல் லீவு, எடுத்து எடுத்து ஆபீஸ்ல பேர் கெட்டதுதான் மிச்சம், சின்ன வயசுலேர்ந்து பொன்ஸ்டான், பனடோல்னு வலி மாத்திரைங்க ஹேண்ட்பேக்ல எப்பவும் கிடக்கும். ஒரு வழியா எண்டோமெட்ரியோசிஸ்னு, அதாவது கருப்பையோட உள்தோல் மாதிரித் திசு கருப்பைக்கு வெளிய வளர்ற நோய்னு (சுருக்கமா எண்டோ), கண்டுபிடிச்சு கீஹோல் ஆபரேஷன் பண்ணி எல்லாத்தையும் எடுத்தாங்க. ஒரு வருஷம் நல்லா இருந்தா. அப்புறம் பழைய வலி அப்படியே திரும்பி வந்துச்சு. போன வருஷக் கடைசில மறுபடி உள்ள விட்டுப் பாத்தாங்க, "சுத்தமா இருக்கு, ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

தேக்கால, அதான் லிட்டில் இந்தியாவுல, தோசை சாப்பிட்டுட்டு இருக்கும்போது என்கிட்ட கேட்டா, "இல்லாத ஒண்ணு எப்படிடி வலிக்கும்? நீ எலி கூடத்தான வேலை பாக்குற, அதுங்களுக்காச்சும் தெரியுமா?"ன்னு. சும்மா கடுப்புலதான் கேட்டா. ஆனா அந்தக் கேள்விக்கு நிஜமாவே ஒரு பதில் இருக்கு, அது எலில ஆரம்பிச்சு மனுஷங்ககிட்ட வந்து முட்டி நின்ன ஒரு கேஸ். அவளுக்குச் சொன்னதை இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன். நான் டாக்டர் இல்ல, புவன விஸ்தா பக்கம் ஒரு லேப்ல ரிசர்ச் அசிஸ்டண்ட். எங்களோடது வேற நரம்பு வலி ப்ராஜெக்ட், எண்டோ இல்ல. ஆனா வலியை எப்படி அளக்கறதுங்கற தலைவலி எல்லாருக்கும் ஒண்ணுதான்.

கேஸ்

ரலாக்சிஃபீன்னு ஒரு மாத்திரை. வயசான பெண்களுக்கு எலும்பு தேயாம இருக்கக் குடுக்கறது, 1997லேர்ந்து மார்க்கெட்ல இருக்கு. ஈஸ்ட்ரோஜன் ஒட்டுற இடத்துல போய் உக்காந்துக்கும், எலும்புல ஈஸ்ட்ரோஜன் மாதிரி நல்லது பண்ணும், கருப்பைல அதுக்கு எதிரா நிக்கும். எண்டோமெட்ரியோசிஸ் ஈஸ்ட்ரோஜன்ல வளர்ற வியாதி. அப்போ இதைக் குடுத்தா கட்டி சுருங்கணும் இல்லையா? எலிகள்ல குடுத்துப் பாத்தாங்க, வயித்துல ஒட்ட வச்ச கருப்பைத் திசு நிஜமாவே சுருங்குச்சு. கணக்கு நேரா இருந்துச்சு.

அப்புறம் அமெரிக்காவுல, என்ஐஎச்ங்கற அரசாங்க மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல, பெண்கள்கிட்ட ட்ரயல் போனாங்க. ரிசல்ட் 2008ல வந்துச்சு. ரொம்ப நாள் இடுப்பு வலி உள்ள பெண்களுக்கு முதல்ல ஆபரேஷன் பண்ணி கண்ணுக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் வெட்டி எடுத்தாங்க, பயாப்ஸில எண்டோன்னு உறுதியான 93 பேரை சீட்டுக் குலுக்கற மாதிரி ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கத்துக்கு ரலாக்சிஃபீன், இன்னொரு பக்கத்துக்கு வெத்து மாத்திரை, ஆறு மாசம். யாருக்கு எது போகுதுன்னு யாருக்கும் தெரியாது. ஆரம்பத்துல இருந்த அளவு வலியோ அதுக்கு மேலயோ ரெண்டு மாசம் இருந்தா "வலி திரும்பிடுச்சு"ன்னு வச்சுக்கிட்டாங்க.

ட்ரயலைப் பாதியிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. மருந்து வேலை செய்யலைங்கறதோட முடிஞ்சிருந்தா அது சாதா தோல்வி, வாரத்துக்கு நாலு நடக்கும். இங்க ரலாக்சிஃபீன் சாப்பிட்டவங்களுக்குத்தான் வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களைவிட சீக்கிரமா வலி திரும்பி வந்துச்சு, ரெண்டாவது ஆபரேஷனும் சீக்கிரமா தேவைப்பட்டுச்சு.

இதுல என்னை நிறுத்துனது இன்னொரு வரி. அந்த ரெண்டாவது ஆபரேஷன்ல உள்ள பாத்தப்போ, எண்டோ திரும்ப வந்திருந்ததுக்கும் வலி திரும்ப வந்திருந்ததுக்கும் சம்பந்தம் தெரியலை. திசு இருந்துச்சா இல்லையாங்கறதை வச்சு வலி இருக்குமான்னு சொல்ல முடியலை. அக்கா கேட்ட கேள்வி அப்படியே அங்க உக்காந்திருக்கு.

டாக்டருங்களுக்கு இது முழுசா புதுசும் இல்ல. 2007ல இத்தாலில ஆயிரத்துச் சொச்சம் பெண்களை வச்சுப் பாத்ததுல நோயோட ஸ்டேஜுக்கும் வலியோட அளவுக்கும் உள்ள தொடர்பு சொல்லிக்கற மாதிரி இல்லன்னுதான் வந்துச்சு. ஸ்டேஜ் நாலு, பெரிய கட்டி, வலியே இல்லாம குழந்தை நிக்கலைன்னு ஸ்கேன் எடுக்கப் போய்க் கண்டுபிடிக்கறவங்க இருக்காங்க, ஸ்டேஜ் ஒண்ணுல ரெண்டு புள்ளி மட்டும் இருந்து பாத்ரூம் தரையில சுருண்டு கிடக்கறவங்களும் இருக்காங்க.

அப்போ எலில என்ன பாத்தாங்க?

எலிக்கு ஏது பீரியட்ஸ்

இங்கதான் கொஞ்சம் பின்னாடி போகணும். எலிக்கும் சுண்டெலிக்கும் மாதவிடாயே கிடையாது. நாலஞ்சு நாளைக்கு ஒரு சுத்து ஹார்மோன் ஏறி இறங்கும், ஆனா கருப்பையோட உள்தோல் உரிஞ்சு ரத்தமா வெளிய வராது. பீரியட்ஸ் வர்ற கூட்டமே சின்னது, நாம, குரங்குங்க, சில வௌவால், யானை மூஞ்சூறு, 2017ல ஆஸ்திரேலியாவுல மொனாஷ் யூனிவர்சிட்டி ஆளுங்க காட்டின முள் சுண்டெலி. அவ்ளோதான். அந்த உள்தோல் ரத்தத்தோட சேந்து கருக்குழாய் வழியா பின்பக்கமா வயித்துக்குள்ள போய் ஒட்டிக்குதுன்னு 1920கள்ல சாம்ப்ஸன் சொன்னதுதான் இன்னைக்கும் பெரிய விளக்கம். ஆனா பெரும்பாலான பெண்களுக்கு அப்படிப் பின்னாடி போகத்தான் செய்யுது, பத்துல ஒருத்தருக்குத்தான் நோய் வருது, ஏன்னு முழுசா புரியலை. ஆக எலிக்கு இந்த நோய் தானா வர வழியே இல்ல, நாமதான் வர வைக்கணும்.

1985ல வெர்னனும் வில்சனும் பண்ணினது இன்னும் ஓடிட்டு இருக்கு. எலியோட கருப்பைக் கொம்புலேர்ந்து சின்னச் சின்னத் துண்டு வெட்டி, அதே எலியோட குடலைத் தாங்கற ஜவ்வுல ரத்தக்குழாய் பக்கத்துல தச்சு விட்டாங்க. சில வாரத்துல அது நீர் கோத்த கட்டியா வளருது. அளக்க ரொம்ப வசதி, வயித்தைத் திறந்து ஸ்கேல் வச்சா மில்லிமீட்டர்ல நம்பர் கிடைச்சுடும். ரொம்ப வருஷம் எந்த மருந்தா இருந்தாலும் அந்த நம்பர் குறைஞ்சுதா கூடுச்சாங்கறதுதான் கேள்வி. எலிக்கு வலிச்சுதான்னு கிட்டத்தட்ட யாருமே பாக்கலை.

ஏன் பாக்கலைன்னா, அளக்கச் சுலபமா இருக்கறதைத்தான் நாம அளப்போம், எங்க லேப்லயும் அப்படித்தான், பெருமையா சொல்ல ஒண்ணுமில்ல. இன்னொரு காரணமும் இருக்கு. வலி ஆராய்ச்சியே ஆண் எலில நடந்த ஆராய்ச்சி. "பெயின்"ங்கற பெரிய ஜர்னல்ல வந்த பத்து வருஷத்து மிருகக் கட்டுரைகளை எண்ணிப் பாத்தப்போ 79 சதவீதத்துல ஆண் மட்டும், வெறும் 8 சதவீதத்துலதான் பெண் மட்டும். பெண் எலி ஹார்மோன் மாறும், டேட்டா ஆடும்னு சாக்கு. பொம்பளைங்களுக்கு வர்ற வலியைப் படிக்க ஆம்பளை எலி. எங்கப் போய்ச் சொல்றது.

பெர்க்லி கேட்ட கேள்வி

ஃப்ளோரிடா ஸ்டேட் யூனிவர்சிட்டில கேரன் பெர்க்லின்னு ஒரு பேராசிரியை, அவங்கதான் இந்தக் கேஸ்ல எனக்குப் பிடிச்ச ஆளு. வெர்னன் வில்சன் மாடலையே எடுத்துக்கிட்டாங்க, கேள்வியை மட்டும் மாத்தினாங்க. எலிக்குப் பொறப்புறுப்புல சின்ன பலூன் வச்சு மெதுவா ஊதுவாங்க, எலிக்குப் பிடிக்கலைன்னா முன்னாடி இருக்கற குழாய்க்குள்ள தலையை நீட்டி ஒளிக்கதிரை மறைச்சா பலூன் உடனே இறங்கிடும். அதாவது "போதும் நிறுத்து"ன்னு சொல்ற சுவிட்ச் எலிகிட்டயே இருக்கு. நோய் வச்ச எலிங்க ரொம்பக் கம்மியான அழுத்தத்துலயே தலையை நீட்டுச்சுங்க. கருப்பைத் துண்டுக்குப் பதிலா கொழுப்புத் துண்டு தச்ச எலிங்களுக்கு அப்படி இல்ல, அதனால வயித்தை வெட்டித் தச்ச வலின்னு தள்ளிவிட முடியாது.

இதுல கவனிங்க, கட்டி இருக்கறது வயித்துல மேல, வலி கூடுறது கீழ பொறப்புறுப்புல. அக்காவுக்கு உறவு வச்சுக்கும்போதும் டாய்லெட் போகும்போதும் வலிக்குதுன்னா "அங்க ஒண்ணும் இல்லையே"ன்னு சொன்ன டாக்டர் ஒருத்தர் உண்டு. எலிக்கும் அங்க ஒண்ணும் இல்லதான்.

வலி எந்த நேரத்துல அதிகம்னு பாத்தா ஈஸ்ட்ரோஜன் உச்சத்துல இருக்கற ப்ரோஈஸ்ட்ரஸ் கட்டத்துல. சூலகத்தை எடுத்தா வலி தணிஞ்சுது, ஈஸ்ட்ரோஜன் திரும்பக் குடுத்தா வலியும் திரும்புச்சு. ஆண் எலிக்காரங்க எந்த ஹார்மோன் ஆட்டத்தைத் தொந்தரவுன்னு ஒதுக்கினாங்களோ அதுக்குள்ளதான் பதிலே இருந்திருக்கு.

2004ல அவங்க குழு அந்தக் கட்டிகளை வெட்டி மைக்ராஸ்கோப்ல பாத்தா உள்ள நரம்பு ஓடுது. தச்சு வச்ச வெறும் சதைத் துண்டு, அதுக்குள்ள பக்கத்து நரம்புலேர்ந்து கிளை பிரிஞ்சு முளைச்சு வந்திருக்கு, செடி தொட்டிய மீறி வேர் விடுற மாதிரி. வலி உணர்ற நரம்பும் இருக்கு, உடம்பு தானா பண்ற வேலைகளைப் பாத்துக்கற சிம்பதெடிக் நரம்பும் இருக்கு. பெண்கள்கிட்ட எடுத்த திசுலயும் இதே மாதிரி நரம்பு உண்டு. அப்புறம் வாரக்கணக்கா தொடர்ந்து பாத்தப்போ வலி கூடுனது கட்டி பெருசாகுற கணக்குல இல்ல, நரம்பு முளைச்சு முதிர்ற கணக்குல.

நரம்பு ஒரு தடவை முளைச்சு தண்டுவடத்தோட பேச ஆரம்பிச்சுட்டா அங்க இருக்கற செல்லுங்களும் உஷாராகிடும். அதுக்கப்புறம் சின்ன சிக்னல் போதும், பெரிய சத்தம் வரும், எச்டிபி அடுக்குமாடி வீட்டுல ஒரு தடவை திருடன் வந்துட்டா அப்புறம் பூனை ஓடினாலே அலாரம் அடிக்கற மாதிரி. இதுக்குப் பேரு சென்ட்ரல் சென்சிடைசேஷன். ஒரே தண்டுவடப் பகுதிக்குப் பல உறுப்பு ஒயர் விட்டிருக்கறதால பக்கத்து உறுப்பும் சேர்ந்து கத்தும். எண்டோ வச்ச எலிக்கு சிறுநீர்க்குழாய்ல கல்லும் வச்சா, கல் மட்டும் உள்ள எலியைவிட அதிகமா துடிக்குதுன்னு 2002ல காட்டினாங்க. படிக்கவே சங்கடமாத்தான் இருக்கு.

இப்போ ரலாக்சிஃபீன் கேஸுக்குத் திரும்பி வாங்க. கட்டி சுருங்குச்சான்னு கேட்டாங்க, ஆமான்னு எலி சரியாத்தான் பதில் சொல்லுச்சு. வலிக்குதான்னு யாரும் கேக்கலை. எலி பொய் சொல்லுச்சு, எலி மாடல் வேஸ்ட்டுன்னு இதை வச்சு எழுதறவங்க மேல எனக்கு அதனாலதான் கோவம் வரும். ஈஸ்ட்ரோஜன் ஒட்டுற இடம் கருப்பைத் திசுல மட்டும் இல்ல, நரம்புலயும் மூளைலயும் இருக்கு, எலும்புல ஒரு மாதிரி கருப்பைல ஒரு மாதிரி நடந்துக்கற மருந்து நரம்புல என்ன பண்ணும்னு முதல்லயே சந்தேகம் வந்திருக்கணும்.

இதே மாதிரி இன்னொண்ணு சுருக்கமா. வீக்கத்தைத் தூண்டுற டிஎன்எஃப்பைத் தடுத்தா பபூன் குரங்குல நோய் குறைஞ்சுது, பபூனுக்குப் பீரியட்ஸும் வரும், இதைவிட நல்ல மாடல் கிடையாதுன்னாங்க. அதே வழில வேலை செய்யற இன்ஃப்ளிக்ஸிமாபை 21 பெண்களுக்குச் சோதிச்சதுல மருந்து போட்டவங்களுக்கும் வெத்து ட்ரிப் போட்டவங்களுக்கும் வலி ஒரே அளவு, 30 சதவீதம்தான் குறைஞ்சுது. மிருகம் நமக்கு எவ்ளோ சொந்தம்ங்கறது மட்டும் பத்தாது, அதுகிட்ட எதை அளந்தோம்ங்கறதும் இருக்கு.

வலியை எப்படி அளக்கறது, என் அனுபவம்

அக்கா இதைத்தான் நோண்டி நோண்டிக் கேட்டா. சுண்டெலிகிட்ட பத்துக்கு எத்தனைன்னு கேக்க முடியாது. அதிகமா பண்றது ஃபான் ஃப்ரேங்கற டெஸ்ட். கம்பி வலைத் தரை போட்ட சின்னப் பெட்டில சுண்டெலியை விட்டு, அது மோப்பம் பிடிச்சு ஓடி அடங்கற வரைக்கும் அரை மணி ஒரு மணி காத்திருந்து, மெல்லிசு நைலான் இழையால கீழேர்ந்து பாதத்தையோ வயித்தையோ தொட்டு இழை லேசா வளையற வரைக்கும் அழுத்தணும். ஒவ்வொரு இழைக்கும் ஒரு கிராம் கணக்கு. காலை உதறினா அடுத்து மெல்லிசு இழை, உதறலைன்னா தடிச்ச இழை, இப்படி மேல கீழ போய் எந்த அழுத்தத்துல உதற ஆரம்பிக்குதுங்கற அளவைக் கண்டுபிடிக்கணும். எண்டோ மாடல்ல வயித்து முடியை மழிச்சுட்டு அங்க தொடுவாங்க. கேக்க ஈஸி. பக்கத்துல கட்டடம் கட்டற சைட்ல பைலிங் அடிக்கற நாள்ல பண்ணிப் பாருங்க, ஒரு சுண்டெலியும் ஒழுங்கா பதில் சொல்லாது.

தொட்டா வலிக்குதாங்கறது ஒண்ணு, யாரும் தொடாம சும்மா இருக்கும்போதே வலிக்குதாங்கறது வேற, அக்காவோடது ரெண்டாவது வகை. அதுக்கு வயித்தை எத்தனை தடவை நக்குது, எத்தனை தடவை உடம்பை இழுத்து நீட்டுதுன்னு வீடியோ போட்டு எண்ணுவாங்க, குழி தோண்டுற ஆசை குறைஞ்சிருக்கான்னு பாப்பாங்க. 2010ல வந்த மவுஸ் க்ரிமேஸ் ஸ்கேல்ல முகத்தைப் பாத்து மார்க் போடலாம், கண்ணு இடுங்கறது, மூக்கும் கன்னமும் புடைக்கறது, காது, மீசை, ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துலேர்ந்து ரெண்டு. ஆனா சட்டுனு வர்ற வலிக்குத்தான் அது நல்லா பிடிக்கும், மாசக்கணக்குல இருக்கற வலியை எலி முகத்துல காட்டாது. மனுஷங்களும் காட்டறதில்லதான், அக்கா லிப்ஸ்டிக் போட்டுட்டுத்தான் ஆபீஸ் போவா.

இன்னொரு கூத்து, 2014ல கனடாவுல மெக்கில் யூனிவர்சிட்டில கண்டுபிடிச்சது, அளக்கறது ஆம்பளையா இருந்தா எலிங்க வலியைக் கம்மியா காட்டுதுங்க. ஆள் கூட வேண்டாம், ஆம்பளை போட்டுக் கழட்டின டீஷர்ட் பக்கத்துல கிடந்தா போதும், அந்த வாசனைல பயந்து உடம்பே வலியை அமுக்கிடுது. இதைச் சொன்னதும் அக்கா தேக்கா முழுக்கக் கேக்கற மாதிரி சிரிச்சா. "ஆம்பளை டாக்டர் ரூம்ல நானும் அப்படித்தான்டி, எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

அப்புறம் அவளே சிரிப்பை நிறுத்திட்டு அந்த எலிங்களுக்கு வலி மருந்து குடுப்பீங்களான்னு கேட்டா. சங்கடமான இடம் இதுதான். சிங்கப்பூர்ல 2004லேர்ந்து சட்டம் இருக்கு, லைசென்ஸ் வேணும், லேப் மிருகங்களுக்கான நாக்லார் (NACLAR) வழிகாட்டி இருக்கு, மிருகப் பராமரிப்பைப் பாத்துக்கற ஐஏகக் (IACUC) கமிட்டி ஒப்புதல் இல்லாம ஒரு சுண்டெலியைத் தொட முடியாது, அந்தக் கமிட்டில விஞ்ஞானி இல்லாத ஒருத்தரும் வெளியாள் ஒருத்தரும் உக்காந்திருப்பாங்க. எதுக்கு மிருகம், எதுக்கு இத்தனை, வலியை எப்படிக் குறைப்பேன்னு மூணு கேள்விக்கும் எழுதித் தரணும். ஆனா படிக்கறதே வலியைத்தான்னா எல்லா எலிக்கும் வலி மருந்து போட்டா படிக்க ஒண்ணுமே மிஞ்சாது. அதனால ஆபரேஷன் வலிக்கு முதல் சில நாள் மருந்து குடுத்து, அது உடம்பை விட்டுப் போனப்புறம் அளந்து, எடை இவ்ளோ குறைஞ்சா நிறுத்திடுவேன்னு முன்கூட்டியே கோடு போட்டுக் குடுக்கணும். இதை எழுதும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை கொஞ்சம் நிக்கும். அக்காகிட்ட ஒண்ணும் மறைக்கலை.

இப்போ எங்க நிக்குது

புது மாடல்ல தையலே கிடையாது. ஒரு சுண்டெலியோட கருப்பைத் திசுவை நறுக்கி இன்னொரு சுண்டெலி வயித்துல ஊசில விட்டுடறாங்க, அது தானா ஒட்டிக்கற இடத்துல ஒட்டிக்குது, வெட்டுக்காய வலி குழப்பாது. எடின்பரால திசு குடுக்கற சுண்டெலிக்கு ஹார்மோன் ஏத்தி இறக்கி பீரியட்ஸ் மாதிரியே உள்தோல் உரிய வச்சு அதை எடுத்து விடறாங்க. பாஸ்டன் சில்ட்ரன்ஸ் ஆஸ்பத்திரி குழு 2020ல போட்ட மாடல்ல தொட்டா வர்ற வலி, தானா வர்ற வலி ரெண்டையும் முதல்லேர்ந்தே அளந்தாங்க, பெர்க்லி கேட்ட கேள்வி கடைசில எல்லாரும் கேக்கற கேள்வியாகிடுச்சு.

அதே குழு 2024 கடைசில காட்டினது சுவாரஸ்யம். வலி நரம்பு சும்மா சிக்னல் மட்டும் அனுப்பல, சிஜிஆர்பிங்கற பொருளைக் கக்குது, அது பக்கத்துல இருக்கற மேக்ரோஃபேஜ்ங்கற நோய் எதிர்ப்பு செல்லுங்களை மாத்தி, அதுங்க கட்டி வளர உதவுதுங்க. வலி நரம்பே நோயை வளக்குது! சிஜிஆர்பியைத் தடுக்கற நாலு மருந்தைக் குடுத்தா சுண்டெலிங்களுக்கு வலி குறைஞ்சுது. நாலுமே மைக்ரேனுக்கு ஏற்கெனவே மனுஷங்களுக்குக் குடுக்கறதுதான், ஃப்ரெமனிஸுமாப், கால்கனிஸுமாப், ரிமெஜிபாண்ட், யுப்ரோஜிபாண்ட். இதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் அறுபதாயிரத்துக்கு மேல எண்டோ பெண்களோட மரபணுவைப் பாத்து, இந்த நோய்க்கும் மைக்ரேனுக்கும் முதுகுவலிக்கும் மரபணு அளவுல தொடர்பு இருக்குன்னு காட்டியிருந்தாங்க.

அக்காவுக்கு மைக்ரேனும் உண்டு. இதைச் சொன்னதும் தே ஹாலியா (இஞ்சி டீ) கிளாஸைக் கீழ வச்சுட்டா. ஒரு நிமிஷம் பேசலை. நான் அவசரப்பட்டு, "சுண்டெலில நல்லா வேலை செஞ்சிருக்குக்கா, வலியையே அளந்திருக்காங்க"ன்னேன்.

"ரலாக்சிஃபீனும் எலில நல்லாத்தான்டி வேலை செஞ்சுது"ன்னா. அப்புறம் போனை எடுத்து அந்த நாலு மருந்து பேரையும் ஒவ்வொண்ணா ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கிட்டா, அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்ல கேக்கணுமாம், மனுஷங்ககிட்ட ட்ரயல் எங்கயாச்சும் ஓடுதா, அதுல எதை அளக்கறாங்கன்னு.